இன்ஜின் ஓடுதா சார்?

போன மாதம் எங்கள் பழைய கடைக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு மின்சாரக் கார், சீட்டையெல்லாம் கழற்றிப் போட்ட நிலையில் நின்றது. இப்போது அங்கே வேலை செய்பவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இன்ஜினே இல்லாத வண்டி வந்துவிட்டது, இனி சத்தத்தைக் குறைக்க யார் வருவார்கள், நம் தொழில் படுத்துவிடுமா என்று அவர்களுக்குக் கவலை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இன்ஜின் சத்தம் போனால் டயர் சத்தம் பெரிதாகக் கேட்கும். டயரை அடக்கினால் காற்று. காற்றையும் அடக்கினால் பின் சீட்டில் உட்கார்ந்து ஒருவர் முறுக்கு கடிப்பது கேட்கும். மனிதனுக்குத் தொந்தரவு என்று ஏதாவது ஒரு சத்தம் மிச்சம் இருக்கிறவரை நமக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று சொன்னேன். அப்படியானால் உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

எழுதுகிறேன். ஆனால் என் பெருமையைப் படிக்கலாம் என்று யாரும் உட்கார வேண்டாம். என் கையால் செய்ததிலேயே மிக நன்றாக அமைந்த வேலை ஒன்று, மூன்று பேரை ஒரு பஸ்ஸுக்குக் கீழே அனுப்பப் பார்த்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்லப் போகிறேன்.

நான் தொடங்கியது சீட் கவர் தைப்பதில். ரெக்சினும் ஊசியுமாகப் பல வருடம் ஓடியது. ரஹீம் பாய் இரும்புலியூர் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் கடை போட்டபோது என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் அவரே எங்கேயோ போய் டேம்பிங் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடம் நான் கற்றேன். அவ்வளவுதான் என் படிப்பு.

வேலை வெளியில் இருந்து பார்க்கச் சுலபம். டேம்பிங் ஷீட் என்பது ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் ஒட்டிக்கொண்டால் விடாத கருப்பு ரப்பர். கார் என்பது அடிப்படையில் ஒரு தகரப் பெட்டி. ஓடும்போது அந்தத் தகரம் அதிரும், அதிர்வுதான் சத்தம். ஷீட்டைத் தகரத்தில் ஒட்டினால் அதிர்வு அடங்கும், அதற்கு மேல் கனமான பஞ்சு விரித்தால் மிச்சமும் அடங்கும். ஒட்டுவதற்கு முன்னால்தான் வேலையே. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் சீட்டுக்கு அடியில் உள்ள ஏர்பேக் ஒயரைப் பிரித்ததும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து நம் உயிரை எடுக்கும். சீட், கார்ப்பெட், கதவுப் பலகை எல்லாம் கழற்றி, தரையைத் தின்னரால் துடைத்து, விரலை வைத்தால் வழுக்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷீட்டை ஒட்டி, அலுமினியத்தில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகும்வரை ரோலரால் தேய்க்க வேண்டும். கதவுக்குள் அடியில் மழைத்தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவசரக்காரன் அதையும் சேர்த்து ஒட்டிவிடுவான். அடுத்த மழைக்குக் கதவு குளமாகிவிடும்.

பாய் திட்டவே மாட்டார். அதுதான் அவரிடம் பயமே. முழங்கையை மடித்து, விரல் முட்டியால் தகரத்தைத் தட்டுவார். ஒட்டாத இடத்தில் தகரம் டொய்ங் என்று பேசும், ஒட்டிய இடம் தொப் என்று வாயை மூடும். எங்காவது ஒரு மூலை லேசாகப் பேசிவிட்டால் என் முகத்தைப் பார்ப்பார், ரோலரை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அதற்கு அவர் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

வேலை முடிந்ததும் ஒரு பரீட்சை உண்டு. வண்டிக்குச் சொந்தக்காரர் ஓட்ட வேண்டும், பாய் பின் சீட்டில் உட்காருவார், நான் முன்னால். கடையில் பேசுகிற அதே அடங்கின குரலில் பாய் ஏதாவது ஒரு கதை சொல்ல ஆரம்பிப்பார். வண்டி பெருங்களத்தூர் தாண்டி வேகம் பிடித்தாலும் குரலை ஏற்ற மாட்டார். ஓட்டுகிறவர் ஒரே ஒரு முறை “என்ன பாய்?” என்று கேட்டுவிட்டால் போதும். கதை அங்கேயே நிற்கும். திரும்பி வந்து மறுபடி சீட்டைக் கழற்ற வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து நான் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துப் போயிருக்கிறேன்.

பரீட்சையில் தேறிய பிறகும் தலைவலி வரும். சேலையூரில் ஒரு வங்கி மேலாளர் இருந்தார். வேலை முடிந்து வண்டியை எடுத்துப் போனவர் அடுத்த வாரமே வந்து, நாங்கள் புதிதாக ஒரு சத்தத்தை உள்ளே வைத்துவிட்டோம் என்று கடையில் நின்று சண்டை போட்டார். பெல்ட் மாட்டும் தூணுக்குள் இருந்து கிணுகிணு என்று வந்தது. பிரித்தால் உடைந்த கண்ணாடி வளையல் துண்டு. எந்தக் காலத்திலோ விழுந்தது, முன்பு இருந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. வளையல் யாருடையது என்று அவர் மனைவி கேட்ட கேள்விக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பாய் சொல்லிவிட்டார்.

இனி கன்னியப்பன் வண்டிக்கு வருகிறேன்.

கானத்தூர் குப்பத்துக்காரர். இளம் வயதில் இருந்து கடலுக்குப் போனவர், படகில் தோள் எலும்பு பிசகி வலை இழுக்க முடியாமல் போன பிறகு கால் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய டீசல் கார், மஞ்சள் போர்டு. அவர் மனைவி செல்வி கேம்ப் ரோட்டில் மீன் விற்பவர். இரண்டு பேரும் சேர்ந்துதான் கடைக்கு வந்தார்கள். ஆனால் பேசியதெல்லாம் செல்வி.

“பின்னாடி குந்திக்கினு பேசறது இவுரு காதுல வுழ மாட்டேங்குது பாய். இன்ஜின் சத்தம் அப்டி கீது.”

சிக்கல் பெரிதாகத்தான் இருந்தது. நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதில்லை, கேட்டால் பதில் இல்லை, திமிர் பிடித்த டிரைவர் என்று பயணிகள் டாக்சி கம்பெனிக்குப் புகார் மேல் புகார் போட்டிருந்தார்கள். இன்னும் ஒன்று வந்தால் சவாரி வாங்கும் ஐடியை முடக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். முடக்கினால் வண்டி சும்மா நிற்கும், மீன் கூடை ஒன்றை நம்பித்தான் குடும்பம். பாய் கேட்ட கேள்விக்கெல்லாம் செல்வியே பதில் சொன்னதைப் பார்த்து, வாயாடி, புருஷனைப் பேசவே விடமாட்டார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். கன்னியப்பன் பாய் முகத்தையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நல்ல மனிதர் என்று தோன்றியது.

பாய்க்கு அவர்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது. அவர் இரக்கம் என் முதுகில்தான் விழும். டிரைவர் காலுக்குக் கீழே இரண்டு அடுக்கு போடு, இன்ஜினுக்கும் உள்ளுக்கும் நடுவில் இருக்கிற தகரத்துக்கும் இரண்டு அடுக்கு, அதற்கு மேல் கனத்த பஞ்சு, கியர் இருக்கிற மேட்டையும் விடாதே என்றார். நானும் விடவில்லை. சோப்பு போட்டுக் குளித்தாலும் போகாத அலுமினியப் பொடி விரலில் ஏறும்வரை தேய்த்தேன். முடித்ததும் பாய் தரையெல்லாம் தட்டிப் பார்த்தார். எங்கும் தொப், தொப். ரோலரைத் தேடவே இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

மறுநாள் காலை கன்னியப்பன் வண்டி எடுக்க வந்தார். ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்தார். பலர் அப்படிச் செய்வார்கள், புது வேலைக்கு மரியாதை. சாவியைத் திருகினார், இன்ஜின் ஓடத் தொடங்கியது. மறுபடி திருகினார். ஓடுகிற இன்ஜினில் ஸ்டார்ட்டர் போய் இடித்துக் கர்ர்ர் என்று பல்லைக் கடித்தது. எனக்கு உடம்பு கூசியது. அவர் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். பரீட்சை என்றால் யாருக்கும் பதற்றம்தானே என்று நான் சும்மா இருந்தேன்.

சாலையில் ஏறினோம். பாய் பின்னால் தன் தங்கை கல்யாணத்தில் பிரியாணி அண்டா கவிழ்ந்த கதையை ஆரம்பித்தார். கன்னியப்பன் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு நிம்மதி. கொஞ்ச தூரம் போனதும்தான் வண்டி இரண்டாவது கியரிலேயே இருப்பது தெரிந்தது. இன்ஜின் கிடந்து கத்துகிறது, நாங்கள் போட்ட ஷீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கத்துவதால் மெல்லத்தான் கேட்கிறது, அவர் கியரை மாற்றவில்லை. பிறகு திடீரென்று நான்காவதில் போட்டார். வேகம் போதாமல் வண்டி திணறியது. இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது என்று காட்டும் முள் அந்த மாடலில் கிடையாது. நேற்றுதான் ஓட்டக் கற்றவர் போல ஓட்டுகிறார், இத்தனை வருடம் எப்படித்தான் சவாரி அடித்தார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பாய் கதையை முடித்துவிட்டு, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். கன்னியப்பன் தலையாட்டினார். என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினார்.

பெருங்களத்தூரில் பஸ்கள் இடப்பக்கம் ஒதுங்கி ஆள் ஏற்றும் இடம் வந்தது. திணறுகிற வண்டியை ஓரம் கட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தார். நான் என் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கப் பஸ். ஆரன் அடித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தது. எங்கள் வேலையின் சிறப்பு, அந்த ஆரன் எனக்கே பக்கத்துத் தெருவில் அடிப்பது போலத்தான் கேட்டது. அவர் ஒடித்துக்கொண்டே போனார். நான் கத்தினேன், பாய் கத்தினார். அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். என் பக்கத்துக் கண்ணாடி படார் என்று மடங்கியது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் என் முகத்துக்கு நேராக நீளமாக ஓடி முடிந்தது.

கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தினோம். கன்னியப்பன் கையை டேஷ்போர்டின் மேல் விரித்து வைத்தார். பிறகு கியர் மேட்டில் வைத்தார். வெறும் பாதத்தால் கார்ப்பெட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இன்ஜின் ஓடுதா சார்?”

ஓடுகிறது என்றேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கன்னியப்பன், உங்களுக்குக் காது கேட்கிறதா என்று கொஞ்சம் உரக்கவே கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பினேன், அவர் என் பதிலுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் பாய் “யா அல்லாஹ்” என்றது மட்டும் கேட்டது.

பிறகு அவரே சொன்னார். படகில் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில்தான் அவர் இடம். அந்த இன்ஜினுக்குச் சைலன்சர் என்று ஒன்று கிடையாது. வருடக்கணக்காக அது கத்தி, காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அமைதியான இடத்தில், எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசினால் பாதி பிடிபடும், அதனால்தான் கார் அமைதியானால் பின்னால் பேசுவதும் பிடிபடும் என்று புருஷனும் பெண்டாட்டியும் நம்பி வந்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுவதற்குக் காது அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

“காலு வயியா இன்ஜின் பேசும் சார். எந்த கியரு, இன்னா வேகம், பக்கத்துல பெரிய வண்டி வந்தா அது கூட கால்ல தெரியும். இன்னிக்கி ஒண்ணுமே பேச மாட்டேங்குது.”

நான்தான் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்குக் கோபம். மறைத்துவிட்டாரே என்று அவர் மேல் கோபம், அந்த வாயாடி மேல் கோபம், செத்திருப்பேனே என்ற பயம்தான் எல்லாக் கோபத்துக்கும் அடியில் இருந்தது. பாய் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தகவல் சொன்னதும் செல்வி மீன் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

நான் விடவில்லை. காது கேட்காதவர் பயணிகளை ஏற்றலாமா, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று நடுக்கடையில் கேட்டேன். அந்த அம்மா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

“இத்தினி வருசமா ஒரு கீறல் கெடயாதுண்ணா. நீங்க கை வெச்சீங்க, இன்னிக்கி பஸ்ஸுல வுடப் பாத்தாரு. அதுக்கு இன்னா சொல்றீங்கோ?”

வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். பஸ் மடக்கிய கண்ணாடியைத் தவிர உண்மையிலேயே ஒரு கீறல் இல்லை. நானும் சொந்தமாக ஒரு வண்டி வைத்திருக்கிறேன், அதில் கீறல் இல்லாத இடத்தைத் தேட வேண்டும்.

பாய் மூன்று காரியம் சொன்னார். டிரைவர் காலுக்குக் கீழே போட்டதையெல்லாம் பிய்த்து எடுப்பது. குரோம்பேட்டையில் காது டாக்டரைப் பார்த்து மெஷின் மாட்டி, லைசென்ஸ் விஷயத்தையும் முறையாக முடிப்பது. வண்டிக்குள் பெரிய கண்ணாடிகள் வைத்து, முன் சீட்டின் முதுகில், ஓட்டுநருக்குக் காது கேட்காது, தோளைத் தொட்டுச் சொல்லுங்கள் என்று எழுதி ஒட்டுவது. முதல் இரண்டுக்கும் கன்னியப்பன் சரி என்றார். மூன்றாவதைச் செல்வி அவருக்குப் புரியவைத்ததும் முகம் கறுத்துவிட்டது.

“அத்த ஒட்டிக்கினா எவன் ஏறுவான்?”

ஒட்டாமல் சாவி தர மாட்டேன் என்றார் பாய். என் வண்டி என்றார் அவர். உங்கள் வண்டிதான், பின்னால் உட்காருபவர்கள் உங்களுடையவர்கள் இல்லை என்றார் பாய். கன்னியப்பன் எழுந்து பாய்க்கு மிக அருகில் போய் நின்றுவிட்டார். வலை இழுத்த உடம்பு. கைகலப்பு ஆகிவிடுமோ என்று நானும் எழுந்தேன். செல்விதான் நடுவில் போனார். புருஷன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, தன் வாயை அவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு சொன்னார்.

“ஏறாதவன் ஏற வேணாம்யா. நீ வூட்டுக்கு வந்து சேரு, போதும்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். எதற்காகப் பொத்தினார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் என் கோபம் அத்தோடு போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, உள்ளே போய் சுரண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒட்டின ஷீட்டை எடுப்பது ஒட்டுவதைப் போல நாலு மடங்கு வேலை. சூடு காட்டினால் இளகி இழுபடும், சுரண்டினால் பாகு போலப் பரவும். நான் திணறுவதைப் பார்த்த செல்வி, குளிர்ந்தால் இறுகாதா என்று கேட்டு, மீன் பெட்டியில் இருந்து உப்புப் போட்ட ஐஸை அள்ளி பிளாஸ்டிக் கவர்களில் கட்டிக் கொடுத்தார். ஷீட்டின் மேல் வைத்துக் காத்திருந்தோம். ரப்பர் இறுகி, சுரண்டிக்குப் பட்டை பட்டையாகத் தூக்க வந்தது. பாயும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். நான் உயிரைக் கொடுத்து ஒட்டியதை இரண்டு பேரும் சேர்ந்து பிய்த்தோம். குதிகால் படும் இடத்தில் கார்ப்பெட்டையும் வட்டமாக வெட்டி எடுத்தோம். வெறும் தகரம். கதவுகளிலும் பின்பக்கமும் போட்டதைத் தொடவில்லை. கன்னியப்பன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். பாதத்தைத் தகரத்தில் வைத்தார். ஒரே தடவைதான் திருகினார்.

மெஷின் மாட்டியும் பின் சீட்டுப் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை, அந்த எழுத்தை ஒட்டிக்கொண்டுதான் வண்டி கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு நல்லபடியாக நடந்தது என்று எழுத ஆசைதான், நடக்கவில்லை. யாரோ ஒரு பயணி அந்த எழுத்தைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப, ஐடியை முடக்கிவிட்டார்கள். டாக்டர் சீட்டையும் லைசென்ஸையும் காட்டியும் திறக்கவில்லை. விஷயம் தெரிந்த அன்று பாய் மதியம் சாப்பிடவில்லை. இடையில் செல்வியிடம் மீன் வாங்கத் தொடங்கியிருந்த நானும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன், எந்த முகத்தோடு போவது?

சில மாதம் கழித்து செல்வியே கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். பின் சீட்டுக்கு ரெக்சின் கவர் வேண்டும், மீன் தண்ணீர் பட்டாலும் துடைக்கிற மாதிரி என்றார். கானத்தூர் பக்கத்தில் இருந்து கேம்ப் ரோட்டுக்கு மீன் விற்க வரும் பெண்களைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், கூடை நாறும் என்பார்கள். ஷேர் ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுத்துத்தான் வர வேண்டும். இப்போது அவர்கள் எல்லோரும் சேர்ந்து கன்னியப்பன் காரைப் பேசி வைத்துக்கொண்டார்களாம். போக வர அதுதான். காது கேட்காததில் அவர்களுக்குக் கஷ்டம் இல்லையா என்று பாய் கேட்டார்.

“நாலு பேரும் ஒரே நேரத்துல கத்துவாளுங்க பாய். அந்த வண்டிய ஓட்ட காது கேக்காதவருதான் லாயக்கு” என்றார் செல்வி.

ரெக்சின் கவரை நானே தைத்தேன்.

ஒருநாள் மதியம் அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் நான் கேம்ப் ரோட்டில் நின்றேன். செம்பாக்கம் வழியாகத்தான் போகிறோம், ஏறிக்கோண்ணா என்றார் செல்வி. முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். கண்ணாடியை ஏற்றினார்கள், வெளிச்சத்தம் நின்றது, உள்ளே சத்தம் தொடங்கியது. யார் கூடையில் யார் கை வைத்தது என்று ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றோம். என் வேலையே வண்டிச் சத்தம் கேட்பது, ஆனால் இன்ஜின் அணைந்துபோனது எனக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்த யாருக்கும் தெரியவில்லை. கன்னியப்பன் கை சாவிக்குப் போனதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பாதத்தைத் தகரத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டு, திருகினார். பச்சை விழுந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது.